ரூஃப் போட்டதோடு நின்றுபோன வீட்டை நானே முடித்த கதை

திருச்சி திருவெறும்பூர் பக்கம் பன்னிரண்டு சதுரத்தில், அதாவது 1,200 சதுர அடியில் ஒரு வீடு. சதுர அடிக்கு 2,300 ரூபாய், மெட்டீரியலோடு சேர்த்து முழு கான்ட்ராக்ட். மொத்தம் 27 லட்சத்து 60 ஆயிரம். ஆவணியில் குடிபோவதாகப் பேச்சு. ரூஃப் கான்கிரீட் போட்டு, சென்ட்ரிங் (அதைத் தாங்கிய பலகையும் முட்டும்) பிரித்து, அதற்கான தவணையையும் வாங்கிய பிறகு கான்ட்ராக்டர் தலைகாட்டுவது குறைந்தது. "நாளைக்கு ஆள் வந்துரும் மேடம்" என்றவர் "திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று மாறினார், கடைசியில் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். என் கணவர் மஸ்கட்டில். மாமனாரும் மாமியாரும் லால்குடியில். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், கட்டட வேலையில் எனக்குத் தெரிந்தது சிமென்ட் மூட்டையின் விலை மட்டும்தான். அந்த வீட்டை நானே ஆள் வைத்து முடித்து, அடுத்த வைகாசியில் பால் காய்ச்சினேன். ஏழு லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போனது. அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும், நாலு விஷயத்தை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால். அதனால்தான் எழுதுகிறேன்.

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்றால் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் லேப்டாப்பில் செய்யும் ஏதோ ஒன்று என்றுதான் அதுவரை இருந்தேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மனைக்கு எதிர் வீட்டு சார். பெல் (BHEL) தொழிற்சாலையில் பிளானிங் பிரிவில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். பாய்லர் செய்து அனுப்பும் இடத்தில் எந்த பாகம் எப்போது வர வேண்டும், எது தாமதமானால் எது நிற்கும் என்று கணக்குப் போட்டே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். பூட்டிக் கிடந்த சைட்டில் நான் தனியாக நிற்பதைப் பார்த்து ஒருநாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "கான்ட்ராக்டருக்கு எவ்வளவு கொடுத்தீங்க டீச்சர்?" என்றார். இருபது லட்சத்து எழுபதாயிரம் என்றேன். "எவ்வளவு வேலை முடிஞ்சிருக்கு?" முக்கால்வாசி சார் என்றேன். "அது அவர் சொன்ன கணக்கு. அளந்த கணக்கு என்ன?" என்னிடம் பதில் இல்லை.

மறுவாரமே ஒரு சிவில் இன்ஜினியரை வைத்து அளக்கச் சொன்னார். ஆறாயிரம் ரூபாய் ஆனது. அஸ்திவாரம், பில்லர், சுவர், ரூஃப் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு எடுத்து, அன்றைய விலையில் போட்டுப் பார்த்தால் முடிந்த வேலையின் மதிப்பு சுமார் 15 லட்சம். கொடுத்தது 20.7 லட்சம். அதாவது நான் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 72 பைசா வேலைதான் நடந்திருக்கிறது. இதற்கு எர்ன்ட் வேல்யூ என்று பெயர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1960களில் தன்னுடைய பெரிய கான்ட்ராக்டர்களுக்குக் கட்டாயமாக்கிய கணக்கு முறை. செலவான பணத்தை மட்டும் பார்க்காமல், அந்தப் பணத்துக்கு எவ்வளவு வேலை 'சம்பாதித்து' இருக்கிறோம் என்று பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பது. கேட்டால் சின்ன விஷயம்தான். ஆனால் வீடு கட்டுகிறவர்களில் இதைப் பார்க்கிறவர் யாரையும் நான் அதற்குமுன் கண்டதில்லை.

எங்கள் ஒப்பந்தத்தில் தவணை இப்படி இருந்தது: அக்ரிமென்ட் போடும்போது 10 சதவீதம், பேஸ்மட்டத்துக்கு (தரைமட்டம் வரை எழுந்ததும்) 20, லிண்டலுக்கு (கதவு, ஜன்னலின் மேல்மட்டம் வந்ததும்) 20, ரூஃபுக்கு 25, பூச்சுக்கு 15, கடைசியில் 10. எங்கள் ஏரியாவில் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் போடுகிறார்கள். கூட்டிப் பாருங்கள், ரூஃபோடு 75 சதவீதம் போய்விடுகிறது. ரூஃப் போட்ட வீடு கண்ணுக்கு முடிந்த வீடு மாதிரி தெரியும். ஆனால் பூச்சு, டைல்ஸ், வயரிங், பிளம்பிங், கதவு, ஜன்னல், பெயின்ட் எல்லாம் அதற்கப்புறம்தான். எங்கள் கணக்கில் அது 12.6 லட்சம். கான்ட்ராக்டருக்கு இனி வரவேண்டியதோ 6.9 லட்சம். அதாவது ரூஃப் தவணை கைக்கு வந்த அன்றைக்கு, எங்கள் வீட்டை முடிப்பதைவிட விட்டுவிட்டுப் போவதுதான் அவருக்கு லாபம். அவர் கெட்டவரா நல்லவரா என்று யோசித்து ராத்திரி ராத்திரியாக அழுதிருக்கிறேன். இந்தக் கூட்டல் கழித்தலைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வியே எனக்கு முக்கியமாகப் படவில்லை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கால் தடுமாறும்படிதான் தவணை போடப்பட்டிருந்தது. இனி யாராவது என்னிடம் கேட்டால் 5, 15, 15, 20, 20, 15, 10 என்று போடச் சொல்கிறேன்: அட்வான்ஸ், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு, தரை, எல்லாம் முடிந்து சாவி கொடுக்கும்போது. கான்ட்ராக்டர் முறைத்துக்கொள்வார். பேரம் பேசுங்கள், ஆனால் எந்தக் கட்டத்திலும் பணம் வேலையை முந்த விடாதீர்கள்.

அடுத்து சார் போடச் சொன்ன கணக்கு ஒருநாள் தாமதத்தின் விலை. எங்கள் கைக்காசு 7.6 லட்சம் முதலில் போய், லோனில் 13.1 லட்சம் எடுத்திருந்தோம். 8.75 சதவீதத்தில் அதற்கு மாத வட்டி ஒன்பதாயிரத்து ஐநூறு சொச்சம். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஒன்பதாயிரம். இரண்டையும் கூட்டி முப்பதால் வகுத்தால் ஒரு நாளுக்கு 618 ரூபாய். சைட்டில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் தினமும் காலையில் 618 ரூபாயை எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன் என்று அர்த்தம். இந்த எண் கையில் வந்ததும் பல முடிவுகள் சுலபமாயின. ஞாயிற்றுக்கிழமை வந்து பைப்பை முடித்துக் கொடுத்தால் ஐநூறு அதிகம் வேண்டும் என்று பிளம்பர் கேட்டபோது முன்னே என்றால் சண்டை போட்டிருப்பேன். இப்போது யோசிக்காமல் கொடுத்தேன், ஏனென்றால் திங்கள் காலை கொத்தனார் நிற்க வேண்டியிருக்காது. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேறொரு கடைக்கு அலைந்து இரண்டு நாள் விடுவதையும் நிறுத்தினேன். பற்றாக்குறைக்கு வளையலும் ஆரமும் நகைக்கடனுக்குப் போனது. அதன் வட்டியைச் சேர்த்தால் 618 இன்னும் ஏறும். அதைப் பற்றி எழுத இப்போதும் மனசு வரவில்லை.

மிச்ச வேலைகளை நான் ஒரு நோட்டில் எலக்ட்ரிகல், பிளம்பிங், பூச்சு, டைல்ஸ் என்று ஆள்வாரியாக எழுதி வைத்திருந்தேன். சார் அதைப் பார்த்துவிட்டு, "இது ஆளோட பட்டியல். முடிஞ்ச பொருளோட பட்டியல் எழுதுங்க" என்றார். அதாவது பாத்ரூம் என்று எழுதி, அது பாத்ரூமாக ஆவதற்கு என்னென்ன முடிந்திருக்க வேண்டும் என்று உடைத்துக்கொண்டே போவது. சுவரில் காடி (பைப் புதைக்கும் பள்ளம்) வெட்டுவது, பைப் போடுவது, தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா பார்ப்பது, பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், தரையில் தண்ணீர் கட்டி ஊறுகிறதா என்று பார்ப்பது, சுவர் டைல்ஸ், வாட்டம் வைத்துத் தரை டைல்ஸ், கதவு, குழாய். வொர்க் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர் என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான். அதில் ஒரு கறாரான விதி உண்டு. பட்டியலில் இல்லாத வேலையை யாரும் செய்யப்போவதில்லை, ஆகவே மொத்த வேலையில் நூறு சதவீதமும் பட்டியலுக்குள் இருக்க வேண்டும். அப்படி எழுதும்போதுதான் தெரிந்தது, செப்டிக் டேங்க், தண்ணீர் சம்ப் (தரைக்கடித் தொட்டி), காம்பவுண்ட் சுவர், இ.பி. நிரந்தர இணைப்பு நாலும் பழைய ஒப்பந்தத்தில் எந்த வரியிலும் இல்லை. 'முழு கான்ட்ராக்ட்' என்ற சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தால் கடைசி மாதத்தில் இவை ஒவ்வொன்றாகக் கிளம்பியிருக்கும். பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனையும் எந்த ஆளுடைய பட்டியலிலும் கிடையாது. அது பிளம்பர் வேலையும் இல்லை, டைல்ஸ்காரர் வேலையும் இல்லை. அப்படிப்பட்ட வேலைகள்தான் விடுபடும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பள்ளிக்கூடத்துச் சார்ட் பேப்பரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டுக்கு ஒரு வேலை, கீழே எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அவர் வீட்டு ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டுத் தரையில் பரப்பினோம். ஒவ்வொரு துண்டையும் எடுத்து ஒரே கேள்விதான்: "இதைத் தொடங்கணும்னா எது முடிஞ்சிருக்கணும்?" டைல்ஸுக்கு முன்னால் பூச்சு. பூச்சுக்கு முன்னால் காடியும் பைப்பும் வயர் குழாயும். காடிக்கு முன்னால் சுவிட்ச் எங்கே எங்கே என்ற முடிவு. அந்த முடிவுக்கு முன்னால் கட்டில் எந்தப் பக்கம், டி.வி. எந்தப் பக்கம் என்ற முடிவு. துண்டுகளை வலமிருந்து இடமாகப் பின்னோக்கி அடுக்கிக்கொண்டே போனால், கடைசியில் இடது ஓரத்தில் வந்து நின்றது மேஸ்திரியும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. நானும் என் கணவரும் போனில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய ஏழெட்டு விஷயம். சாரின் மனைவி காபி கொண்டுவந்து, காகிதத்தை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து போனார்.

அடுக்கி முடித்த பிறகு ஒவ்வொரு பாதையிலும் நாட்களைக் கூட்டினோம். மிக நீளமாக வரும் பாதைதான் கிரிட்டிகல் பாத். அதில் இருக்கும் எந்த வேலை ஒருநாள் தள்ளினாலும் குடிபோகும் நாள் ஒருநாள் தள்ளும். மற்ற பாதைகளில் கொஞ்சம் ஆடிக்கொள்ள இடம் இருக்கும், அதற்கு ஃப்ளோட் என்று பெயர். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டுபான்ட் ரசாயனக் கம்பெனியும் ரெமிங்டன் ராண்ட் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. அவர்கள் கம்ப்யூட்டர் வைத்துச் செய்தார்கள், நாங்கள் சார்ட் பேப்பரில் செய்தோம். எங்கள் வீட்டின் நீளமான பாதை எது தெரியுமா? பூச்சு வேலை என்றுதான் நான் பந்தயம் கட்டியிருப்பேன். வந்தது ஜன்னல். யு.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை ஜன்னலுக்குத் திறப்பின் ஓரம் பூசி முடித்த பிறகுதான் அளவு எடுக்க வருவார்கள். அளவு கொடுத்தபின் செய்துகொண்டுவர ஒரு மாதம். ஜன்னல் மாட்டாமல் கடைசிக் கோட் பெயின்ட் அடிக்க முடியாது. ஆகவே வீடு முழுக்கப் பூசிவிட்டு ஜன்னலுக்கு அளவு கொடுத்தால் ஒரு மாதம் வெறுமனே காத்திருக்க வேண்டும். ஜன்னல் உள்ள சுவர்களை முதலில் பூசச் சொன்னேன். கொத்தனாருக்கு இஷ்டமில்லை. "ஒரு ரூமை முடிச்சிட்டு அடுத்த ரூம் போனாத்தான்க்கா சாரத்தை ஒரு தடவை கட்டினா போதும்" என்றார். நியாயம்தான். சாரம் மாற்றுவதற்கு அரை நாள் கூலி தனியாகத் தருகிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார். அந்த அரை நாள் கூலியில் மூன்று வாரத்துக்கு மேல் மிச்சமானது.

ஃப்ளோட் என்ன என்று தெரிந்ததில் இன்னொரு நன்மை மன நிம்மதி. "காம்பவுண்ட் கட்டாம வெச்சிருக்கியே" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். எங்கள் துண்டுக் காகிதத்தில் காம்பவுண்ட் சுவருக்கு மாதக்கணக்கில் ஆட்டம் இருந்தது. சிரித்துக்கொண்டே நகர்ந்தேன்.

யாரும் வேலை செய்யாமலே ஓடும் நாட்களும் உண்டு. அவற்றையும் துண்டில் எழுத வேண்டும் என்று சார் பிடிவாதமாக இருந்தார். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்படி. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக் குறிப்பு சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்ட் என்றாலோ கடும் வெயில் என்றாலோ 10 நாள் க்யூரிங் வேண்டும் என்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வாங்குவது பெரும்பாலும் பி.பி.சி. என்ற கலப்புச் சிமென்ட்தான், வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ரூஃபுக்கு முட்டுக்கொடுத்த கம்பங்களை எடுக்க, சாதாரண சிமென்ட்டில் இடைவெளி நாலரை மீட்டர் வரை என்றால் குறைந்தது 7 நாள், அதற்குமேல் 14 நாள். அவசரத்தில் எல்லோரும் கைவைப்பது இந்த நாட்களில்தான். நின்ற நாட்களைப் பார்த்துப் பயந்து நானும் சம்ப் ஸ்லாபை சீக்கிரம் பிரிக்கலாமா என்று கேட்டேன். சார் ஒன்றும் சொல்லவில்லை, க்யூரிங் துண்டை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

நாட்களை மதிப்பிடுவதற்கும் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டால் மேஸ்திரி எப்போதும் எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் நாளைத்தான் சொல்வார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அவர் மனசில் மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். ஆகவே மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், சொதப்பினால் எத்தனை நாள். உள்பூச்சுக்கு எனக்குக் கிடைத்த பதில் 12, 18, 36. நடு எண்ணை நாலால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுத்தால் 20. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் கொண்டுவந்த பெர்ட் முறையில் இருக்கும் சூத்திரம் இது. சூத்திரத்தைவிட எனக்குப் பயன்பட்டது மூன்றாவது கேள்விதான். "சொதப்பினா எப்படிச் சொதப்பும்ணே?" என்று கேட்டதும் கொத்தனார் மடமடவென்று சொன்னார்: ஐப்பசி மழை, தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஆள் வராது, அவர் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் பத்து நாள் வரமாட்டார், பொங்கலுக்குப் போனால் காணும் பொங்கல் தாண்டித்தான். இதெல்லாம் அவருக்கு முன்னாலேயே தெரியும். கேட்காததால் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த தினசரி காலண்டரைப் பிரித்து அந்தத் தேதிகளில் எல்லாம் பேனாவால் கிராஸ் போட்டேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டைமாடியில் தட்டோடு பதிப்பதும் கைப்பிடிச் சுவர்ப் பூச்சும் முடிய வேண்டும், மழை மாதங்களில் உள்வேலை என்று மாற்றி அமைத்ததெல்லாம் அந்தப் பேச்சுக்கு அப்புறம்தான்.

வேலை ஓட ஆரம்பித்த பிறகு வந்த தலைவலி வேறு மாதிரி. எலக்ட்ரீஷியனைக் கேட்டால் "கொத்தனார் இன்னும் அந்தச் சுவரை எழுப்பலையே" என்பார். கொத்தனாரைக் கேட்டால் "வயர்காரர் வந்து பைப் புதைச்சாத்தான பூச முடியும்" என்பார். இரண்டும் உண்மை. நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். சார் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். வேலை நின்ற ஒவ்வொரு நாளும் தேதி போட்டு, எதற்காக நின்றது என்று ஒரு வரி. யாரால் என்று எழுதக்கூடாது. ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் 'ஆள் வரவில்லை' என்ற வரி நான் நினைத்ததில் கால்வாசிகூட இல்லை. மிச்சமெல்லாம் 'டைல்ஸ் முடிவாகவில்லை', 'பேங்க் பணம் வரவில்லை', 'முந்தின வேலை பாதியில்' என்றுதான் இருந்தது. நாம் எல்லோரும் ஆள் கிடைப்பதில்லை என்றுதான் புலம்புகிறோம். எங்கள் வீட்டில் நேரம் போனது ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே. அதன்பிறகு சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரத்தில் எல்லோரையும் பத்து நிமிஷம் நிற்க வைத்து, அடுத்த வாரம் யார் முடித்து யாரிடம் விடுகிறார்கள் என்று பேச ஆரம்பித்தேன். கூலி வாங்க எப்படியும் வருவார்கள், தனியாக மீட்டிங் என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் கோடு கோடாக வரைந்த ஒரு சார்ட்டையும் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன், முடிந்த வேலைக்குப் பச்சை அடிப்பது என்று ஏற்பாடு. இரண்டாம் வாரத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வரும் அக்காதான் பேனாவைப் பிடுங்கிப் பச்சை அடித்தார். அடித்துவிட்டு, "வயர்காரர் கோட்டுல ஒண்ணும் காணோமே" என்று அவர் சத்தமாகச் சொன்னது, நான் நாலு தடவை போன் போட்டதைவிட நன்றாக வேலை செய்தது.

மாமனார் வந்து பார்த்தபோது பூஜை ரூமை இன்னும் இரண்டடி இழுக்கலாம், சமையலறையில் இன்னொரு லாஃப்ட் போடலாம் என்றார். மறுத்துப் பேசினால் மனஸ்தாபம், சரி என்றால் பணமும் நாளும். இதற்கும் ஒரு நோட்டு. என்ன மாற்றம், எவ்வளவு பணம், எத்தனை நாள், யார் சரி சொன்னது. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மேஸ்திரியிடம் கணக்குக் கேட்டு எழுதி, "மாமா, பூஜை ரூமுக்கு 38 ஆயிரம் ஆகும், குடிபோறது ஒன்பது நாள் தள்ளும், பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினேன். "ஏம்மா, சாமிக்கு இடம் இவ்ளோ போதாதா என்ன" என்று அவரே முடித்துவிட்டார். லாஃப்ட் மட்டும் போட்டோம், அது உண்மையிலேயே தேவையாகத்தான் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் டிசைன் படங்களுக்கும் அதே நோட்டுதான். அவரும் முதலில் கோபித்துக்கொண்டார், அப்புறம் அவரே "இதை நோட்ல ஏத்து" என்று மெசேஜ் போட ஆரம்பித்தார்.

தை பிறந்தும் வெளிப்பூச்சு பாதியில் நின்றபோது, இன்னொரு செட் கொத்தனார்களை இறக்கினால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றியது. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். இறக்கினேன். சாரம் ஒன்று, மிக்சர் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று. புதியவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டுவதற்கே பழைய கொத்தனாரின் ஒருநாள் போனது, இவர்கள் கலவை அவர்களுக்குப் பிடிக்கவில்லை, நின்ற நாட்கள் நோட்டில் வரிகள் கூடின. ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975இலேயே இதை எழுதியிருக்கிறார்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்று. நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒருவருக்கொருவர் பேசும் வழிகள் ஆறு, எட்டுப் பேர் என்றால் 28. பூச்சு வேலைக்கும் அது அப்படியே பொருந்தியது. இரண்டாவது செட்டை அனுப்பிவிட்டு, கொத்தனார் கேட்டபடி இன்னொரு சாரமும் கூடுதலாக ஒரு சித்தாளும் கொடுத்ததில்தான் வேகம் வந்தது.

இதையெல்லாம் படிக்க எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு. சார் சொன்னது போக, ராத்திரி நேரத்தில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடங்களைப் பார்த்தேன். காசு கிடையாது, சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் போதும். வேலையை உடைப்பது, எது எதற்குக் காத்திருக்கிறது, நீளமான பாதை, பணக் கணக்கு. இந்த நாலையும் பேப்பரில் செய்யத் தெரிந்த பிறகு எந்த மென்பொருளையும் தொடுங்கள். நான் ஒரு ஆப்பை இறக்கி இரண்டு வாரம் அதற்குச் சேவகம் செய்துவிட்டு அழித்துவிட்டேன். புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று ஒரு பயிற்சி மையத்திலிருந்து என் அண்ணன் மகனைத் துரத்தித் துரத்திக் கூப்பிட்டார்கள். அவன் காலேஜ் முடித்தே ஒரு வருஷம் ஆகவில்லை. அந்தத் தேர்வுக்கு, அதை நடத்தும் பி.எம்.ஐ. என்ற அமைப்பில் நாலாண்டுப் பட்டம் உள்ளவர்களுக்கே 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் படிப்பும் கேட்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதே அமைப்பு வைத்திருப்பது சி.ஏ.பி.எம். பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கான்ட்ராக்டர் விஷயம் இன்னும் முடியவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் இரண்டு தவணையாக ஒன்றரை லட்சம் திருப்பிக் கொடுத்தார், மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு நடக்கிறது. நாம் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வீட்டு வேலை மும்முரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். வக்கீல் என்னிடம் முதலில் கேட்டது அக்ரிமென்ட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும். மூன்றாவதாகக் கேட்டது, புது ஆள் சைட்டில் கை வைப்பதற்கு முன் எடுத்த அளவு இருக்கிறதா என்று. சிவில் இன்ஜினியர் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்த அந்த அளவுத் தாளும், அன்றைக்கே எல்லாச் சுவரையும் எடுத்த போட்டோக்களும் இருந்ததால்தான் 15 லட்சம் என்ற எண்ணை அங்கே நிரூபிக்க முடிகிறது. புதுக் கொத்தனார் ஒரு செங்கல் வைத்துவிட்டால் கூட, எது யார் செய்த வேலை என்று அப்புறம் பிரிக்க முடியாது. உங்கள் வீடும் இப்படி நின்றுபோயிருந்தால், அடுத்த ஆளைத் தேடுவதற்கு முன்னால் அளக்க ஆளைத் தேடுங்கள்.